வெள்ளைக்கோட்டுக்குக் கிழக்கே ஏழடி

டேப்பின் முனையிலிருக்கும் இரும்பு வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு, பஜார் ரோட்டின் நட்டநடுவில், வெள்ளைக்கோட்டின் மேல் வந்து நின்றுவிட்டாள் சங்கரவடிவு. நகராட்சியின் நகரமைப்பு ஆய்வாளர் நடுரோட்டில் நிற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்து வைத்திருக்கும் போலீஸ்காரர் முதல் பஸ் ஜன்னலில் தலையை நீட்டுகிற கிழவர் வரை எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. பார்க்கட்டும். வேலை என்னமோ சின்ன வேலைதான். வளையத்தை ரோட்டின் மையத்தில் வைத்துக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். டேப்புப் பெட்டியைப் பிடித்திருக்கும் உதவியாளர் கொம்பையா மேற்கே ஒரு தடவை, கிழக்கே ஒரு தடவை இழுத்துக்கொண்டு போவார். அகலப்படுத்தப் போகும் ரோட்டின் ஓரம் எந்தச் சுவரில் வந்து விழுகிறதோ அந்தச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பிறகு இடிபடும். அந்தப் பக்கம் இருப்பது பிழைக்கும். எல்லாம் இந்த வளையத்தை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. உண்மையான மையம் அவள் நிற்கும் இடத்துக்குக் கிழக்கே ஏழடியில் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியும். அங்கே வெறும் தார்தான், நசுங்கிப்போன ஒரு பேப்பர் கப் கிடக்கிறது. ஏழடி என்றால் என்ன, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற இடம். நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். நேற்றே முடிவு செய்தாயிற்று, காலையில் பல் தேய்க்கும்போது இன்னொரு தடவை முடிவு செய்தாயிற்று, ஜீப்பில் ஏறும்போது மூன்றாம் தடவையும் செய்தாயிற்று. முடிவுக்கு ஒன்றும் குறைச்சலில்லை, இந்தக் கால்தான் நகரமாட்டேன் என்கிறது. காலையில் தண்ணீர் மோட்டரை அணைத்தோமா? அணைத்த மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. தொட்டி நிரம்பிப் பக்கத்து வீட்டு மாடிப்படியில் வழிந்துகொண்டிருந்தால் சாயங்காலம் அதற்கு ஒரு பஞ்சாயத்து. இப்போது எதற்கு மோட்டர் ஞாபகம். ஏழடி, ஏழடி.

காலடியில் வெள்ளைக்கோடு வெயிலில் கண்ணைப் பறித்தது. இந்தக் கோட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பதை அவள் ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பார்த்திருக்கிறாள். புதுத் தாரின் சூடு காலணி வழியாக ஏறிக்கொண்டிருந்தது. காண்டிராக்டரின் ஆட்கள் இரண்டு பேர், தாரின் இந்த ஓரத்தில் ஒருவன், அந்த ஓரத்தில் ஒருவன், நடுவே ஒரு கயிறு. கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள், பிறகு அதை இரண்டாக மடித்தார்கள், மடிப்பு விழுந்த இடத்தில் சுண்ணாம்பில் ஒரு பொட்டு. அவ்வளவுதான் மையம். கல்யாணத்துக்கு வேட்டி மடிக்கிற மாதிரி எவ்வளவு அழகாக மடிக்கிறான் என்று அன்றைக்கு ரசித்தாளே ஒழிய, தார் எங்கே கிடக்கிறது என்று யோசிக்கவில்லை. தார் எங்கே கிடக்கும்? இடம் விட்ட பக்கம் கிடக்கும். கிழக்கே மகுடம் ஜவுளிக்கடைக்கு முதலில் ஒரு கருங்கல் படி இருந்தது, பிறகு மூன்று படியாயிற்று, பிறகு சலவைக்கல் மேடை, மேடைக்கு முன்னால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு முன்னால் வண்டி நிறுத்தச் சங்கிலி. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்பார்கள். இங்கே யாரும் கொடுக்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தார் கொஞ்சம் மேற்கே நகர்ந்தது. மேற்கே இருப்பது சாவி ரிப்பேர்க்காரன், பஞ்சர் கடை, ஒரு மாவு மில்லு. அவர்களிடம் சலவைக்கல் மேடையா இருக்கிறது, தாரைத் தடுத்து நிறுத்த? தார் நகர்ந்தது, கயிறு மடிந்தது, கோடு நகர்ந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பெரிய கஷ்டம். பொய் சொன்னவன் ஒருவன் இருந்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். உத்தரவில் இருப்பது, 'சாலை மையத்திலிருந்து இருபுறமும் சமமாக' என்று. மையம் எங்கே என்று கேட்டால் நகரமைப்புப் பிரிவில் யாரும் யோசிப்பதே இல்லை, அதான் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறானே என்பார்கள். அவளும்தான் இத்தனை வருஷம் அப்படிச் சொன்னவள். ஊர் முழுக்க அப்படித்தான் அளக்கிறார்கள், பக்கத்து ஊரிலும் அப்படித்தான்.

"மேடம், இழுக்கட்டா?" என்றார் கொம்பையா. அவர் கையிலிருந்த டேப்புப் பெட்டி வெயிலில் மஞ்சளாக மின்னியது. "ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணே" என்றாள். வளையத்தின் இரும்பு சூடாகிவிட்டது, விரலை மாற்றிக்கொண்டாள். பாலிடெக்னிக்கில் சர்வே வகுப்பு என்றால் பையன்கள் எப்போதும் இந்த முனையைத்தான் அவள் கையில் கொடுப்பார்கள். நீ சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லு வடிவு, நாங்க இழுத்துப் படிச்சுக்கிடுதோம். படிக்கிறவனுக்குத்தான் மரியாதை, நோட்டில் எழுதுகிறவனுக்கு அதைவிட மரியாதை, முனையைப் பிடிக்கிறவளுக்கு நிழல்கூடக் கிடையாது. ஒருநாள் எரிச்சலில் முனையை ஒரு சாண் உள்ளே தள்ளிப் பிடித்தாள். வேண்டுமென்றேதான். மைதானத்தின் நீளம் ஒரு சாண் குறைந்துபோனது. வெயிலில் வேர்க்க விறுவிறுக்க நாலு பேரும் திரும்பத் திரும்ப அளந்தார்கள், பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள், நாடா நீண்டுவிட்டது என்றார்கள், வாத்தியாரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். ஒருவனாவது முனையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரி விடுதியில் படுத்துக்கொண்டு நினைத்து நினைத்துச் சிரித்தாள். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. முனை தப்பாக இருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் தப்புதான், அந்தத் தப்பு எந்தக் காகிதத்திலும் தெரியாது. காகிதத்தில் கோடு நேராக இருக்கும், எண் பிசகில்லாமல் இருக்கும், கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும். பிரஷர் மாத்திரை போட்டோமா? போட்டோம். மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்தபோது குழாயில் தண்ணீர் வேகமாக வந்தது. அப்படியென்றால் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடினால் அணைத்திருக்க வேண்டும். அணைத்தோமா?

மேற்கே மாவு மில்லின் வாசலில் மைதீன்பாத்து நின்றுகொண்டிருந்தாள். மில்லு அவளுடையது, மில்லுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை அவளுடைய வீடு. புருஷன் போன பிறகு பெல்ட்டு மாட்டுவதிலிருந்து கல்லுக் கொத்த ஆள் பிடிப்பது வரை அவளேதான். இன்றைக்கு மில்லு ஓடவில்லை. ஓடாத மில்லைப் பார்க்கப் பார்க்க வடிவுக்கு என்னமோ செய்தது. போன வாரம் அளவு பார்க்க உள்ளே போனபோது மிளகாய் வற்றல் அரைத்துக்கொண்டிருந்தது, நுழைந்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது, மூன்று நாலு தும்மலுக்குப் பிறகுதான் கண்ணைத் திறக்க முடிந்தது. மைதீன்பாத்துவின் இமையில், புருவத்தில், முக்காட்டின் ஓரத்தில் எல்லாம் மாவு. "நாளாச்சுன்னா மூக்கு மரத்துப் போயிரும் மேடம்" என்று சிரித்துக்கொண்டே தராசுக்குப் பக்கத்து முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "யம்மா, முன்னால ஓட்ட எடுத்துக்கிடுங்க, படிய எடுத்துக்கிடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரோடு எல்லாத்துக்கும் வேணும்லா. மிசினு மட்டும் தப்பிச்சிருமா? அத நவுத்த முடியாது, பாத்துக்கிடுங்க. அடியில காங்கிரீட்டு. பின்னால தள்ளலாம்னா பொறத்தால ஒத்த ரூம்பு, அங்கதான் படுக்கேன்." கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பெல்ட்டைத் தள்ளி மேல்தொட்டியில் யாருடைய கோதுமையையோ கொட்டினாள். வெள்ளைக்கோட்டிலிருந்து அளந்தால் சிவப்புக் கோடு அந்த மிஷினுக்கும் பின்னால் போய் விழும். கிழக்கே ஏழடி தள்ளி அளந்தால் முன்னால் இருக்கிற ஓடும் வாசல்படியும் போகும், மிஷின் தப்பிக்கும். அந்த ஏழடியைக் கிழக்கே மகுடம் ஜவுளிதான் கொடுக்க வேண்டும். சலவைக்கல் மேடை எப்படி அளந்தாலும் போய்விடும், அதற்கு முதலாளி ஆத்தியப்பன் அண்ணாச்சி என்றைக்கோ தயாராகிவிட்டார். உண்மையான மையத்திலிருந்து அளந்தால் கோடு கண்ணாடிக் கதவையும் தாண்டி, பட்டுச்சேலை கட்டி நிற்கிற பொம்மைகளையும் தாண்டி உள்ளே போகும். அதற்கு அவர் தயாரில்லை. "வாங்க மேடம், வெயில்ல ஏன் நிக்கிய? ஒரு கலர் குடிச்சிட்டு ஆரம்பிங்க" என்று வந்ததும் கூப்பிட்டார். நல்ல மனுஷன்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை சும்மா கொடுக்கிறவர். அவரும் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் யாருமே பொய் சொல்லவில்லை, ஆனால் ஒருத்தியின் மிஷின் போகப்போகிறது.

அவளுக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நன்றாகவே பயமாக இருந்தது. அண்ணாச்சியை நினைத்து இல்லை. அண்ணாச்சிக்குப் பக்கத்தில் கடை நிழலில் கலரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவளுடைய மேலதிகாரி, நகரமைப்பு அலுவலர் தனிஸ்லாஸ், அவரை நினைத்துத்தான். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியம். அவள் அப்பா இறந்த துஷ்டிக்கு வந்து வெயிலில் சுடுகாடு வரை நடந்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு லெட்டர் எல்லாம் பிறகு பார்க்கலாம் போங்க என்று அனுப்பி வைத்தவர். ஜீப்பில் வரும்போது அவள் சர்வே கல்லைப் பற்றி ஆரம்பித்ததும், "மேடம், கோடு தெரியுது, கல்லு தெரியல. தெரியறதுலேந்துதான் அளக்கணும். இது நாம கண்டுபிடிச்சதா? எனக்கு முன்னால இருந்தவரும் இப்படித்தான்" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கல் தெரியவில்லை என்பது நிஜம்தான், கிழக்கே இருந்த சர்வே கல் சலவைக்கல்லுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. மேற்கே இருக்கும் கல் தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது. மில்லுக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், சாக்கடை ஓரத்தில், யாரோ எப்போதோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்கள், அதனால் பிழைத்தது. வெள்ளிக்கிழமை ஒரு முழம் பூவும் கிடைக்கிறது. சர்க்கார் கல்லாக இருந்திருந்தால் எவனாவது பிடுங்கி அம்மி கொத்தியிருப்பான், சாமியானதால் நிற்கிறது. அந்தக் கல்லிலிருந்து, சர்க்காரின் பழைய நில அளவை வரைபடமான புலப்படத்தில் உள்ள ரோட்டு அகலத்தில் பாதியை அளந்தால் மையம். இதற்கு ஒரு கல் போதும். ஆனால் சாமி கும்பிடுகிறவர்கள் கல்லை நகர்த்தியிருந்தால்? சாக்கடை கட்டும்போது எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப நட்டிருந்தால்? தெருவில் இத்தனை பேர் பார்க்க, சாமிக் கல்லை நம்பி அண்ணாச்சியின் கடைக்குள் கோட்டை இழுத்துவிட்டு, பிறகு கல்லே தப்பு என்று ஆனால்? அதற்குத்தான் பள்ளிக்கூட மதில் மூலையில் இருக்கிற அடுத்த கல்லிலிருந்து அளந்து பார்த்தாளே, ஒரு விரல்கடைகூடப் பிசகவில்லையே. பிசகவில்லை. அப்போது கொம்பையாதான் மறுமுனை. பிசகவில்லை என்று அவரும் சொன்னார். பார்த்துவிட்டோம், உறுதி செய்துவிட்டோம், பிறகும் இந்த மனது ஏன் அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றி வருகிறது? வேறொன்றுமில்லை, கல் தப்பாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்படுகிறது. கல் தப்பென்றால் வளையத்தை இங்கேயே, இந்த வெள்ளைக்கோட்டிலேயே வைத்துவிட்டு, அண்ணாச்சி கொடுக்கிற கலரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மோட்டரைப் பார்க்கலாம். அந்த ஆசை கண்ணில் பட்டதும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சீ என்றிருந்தது. கல் சரி. அளவு சரி. நான்தான் தப்பிக்கப் பார்க்கிறேன்.

"மேடம், என்ன யோசனை? கோட்டுல வச்சு மிதிச்சுக்கிடுங்க. டிராபிக்க ரொம்ப நேரம் நிறுத்த முடியாது" என்று நிழலிலிருந்து தனிஸ்லாஸின் குரல் வந்தது. மறித்து வைத்த பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது, அதைப் பார்த்து இன்னொன்று அடித்தது. கோபம் நல்லது என்று தோன்றியது, கோபம் வந்ததும் கால் நகர்ந்துவிட்டது. ஆனால் கிழக்கே இல்லை, மேற்கே. நாலு எட்டு வைத்து வெறும் தாரில் போய் நின்றால் யார் ஒத்துக்கொள்வார்கள், எல்லார் கண்ணெதிரிலும் கல்லிலிருந்து அல்லவா வர வேண்டும். "கொம்பையாண்ணே, இங்கிட்டு வாங்க" என்றபடியே சாக்கடைப் பலகையைத் தாண்டிப் போனாள். கல்லின் தலையில் வாடின பூ கிடந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள், கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது, அதற்காக வெட்கப்பட அவளுக்கு நேரமில்லை. குத்துக்காலிட்டு வளையத்தைக் கல்லின் மேல் அழுத்தினாள். "கிழக்க இழுங்க. புலப்படத்து அகலத்துல பாதி. ஞாபகம் இருக்குல்லா?" "இருக்கு மேடம்" என்ற கொம்பையா, ஒருமுறை கடை நிழலைத் திரும்பிப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. டேப்பு வெள்ளைக்கோட்டைத் தாண்டிக்கொண்டு போனது.

தனிஸ்லாஸ் ரோட்டைக் கடந்து வந்துவிட்டார். கலரைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இங்க என்ன பண்றிய மேடம்?"

"கல்லுலேந்து மையம் எடுக்கேன் சார்."

"நாம என்னைக்கு இப்படி எடுத்திருக்கோம்? இங்க எடுத்தா நாளைக்கு எல்லாத் தெருவுலயும் கேப்பான். அண்ணாச்சி கோர்ட்டுக்குப் போவாரு. யாரு போய் நிப்பா?"

"நான் நிக்கேன் சார். அளந்தது நாந்தானே."

அவர் குனிந்து கல்லைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க பிரமோஷன் பைலு எம் மேஜையிலதான் கெடக்கு. மிரட்டுதேன்னு நெனைக்காதிய. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அது அவளுக்குத் தெரியும். நல்லதுக்குத்தான் சொல்கிறார். அப்பாவின் துஷ்டிக்கு இவர் நடந்து வந்தது ஞாபகம் வந்து அழுகை வரும்போல் இருந்தது. குத்துக்காலிட்டபடி அழுதால் நன்றாக இருக்காது என்று பாதி எழுந்தாள். வளையத்தைக் கல்லில் அழுத்திய விரலை மட்டும் எடுக்கவில்லை.

"கெடக்கட்டும் சார்."

அவர் நிமிர்ந்து, ஹார்ன் அடிக்கிற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, "அளவுல நீங்க மட்டும் கையெழுத்துப் போடுங்க. எங்கிட்டச் சொன்னதா எழுதாண்டாம்" என்றார். "சரி சார்" என்றாள். அவர் மறுபடியும் கடைப் பக்கம் போகவில்லை, ஜீப்பின் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கொம்பையா நின்ற இடத்துக்குப் போய், அவர் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து அங்கே வைத்தாள். தார் வெயிலில் இளகியிருந்தும் ஆணி லேசில் இறங்கவில்லை, சுத்தியலை அவளே வாங்கி அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டு வலித்தது, வலி நன்றாக இருந்தது. இனி இதை மாற்ற வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து இதே கல்லில் குனிந்துதான் மாற்ற வேண்டும். வளையத்தை ஆணியில் மாட்டி மிதித்துக்கொண்டாள். "முதல்ல மேற்க போங்கண்ணே." டேப்பு மேற்கே போயிற்று. மில்லின் ஓட்டுக்கு அடியில், நிலைப்படிக்கு வெளியிலேயே கொம்பையா நின்றுவிட்டார், தரையில் பெயிண்ட் பிரஷ் ஒரு இழுப்பு இழுத்தது. மைதீன்பாத்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள், திரும்பி மிஷினைப் பார்த்தாள், மறுபடி சிவப்பைப் பார்த்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பெல்ட்டு ஓடும் சத்தம் கேட்டது. கடை திறந்துவிட்டால் அரைக்க வேண்டியதுதானே, காலையிலிருந்து எத்தனை பேருடைய மூட்டை கிடக்கிறதோ.

"இப்ப கிழக்க."

கொம்பையா சலவைக்கல் படிகளில் ஏறினார். மேடையைக் கடந்தார். கண்ணாடிக் கதவு வரை போனதும் நின்று திரும்பிப் பார்த்தார். "மேடம், இன்னும் போவணும். கண்ணாடி தடுக்கு."

கதவருகே இருந்த காவலாளி அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி ஜீப்பைப் பார்த்தார். ஜீப்பின் ஓரத்தில் நின்றவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவத் தொறக்கச் சொல்லுங்க" என்று வடிவு நடுரோட்டிலிருந்து சத்தமாகச் சொன்னாள். "டேப்பு உள்ள போவணும்."

யார் வந்தாலும் கதவைத் திறந்து கும்பிடு போட்டுப் பழகினவன் அந்தக் காவலாளி. திறந்தான். கொம்பையா உள்ளே போனார். டேப்பு படியில் ஏறி, வாசலைத் தாண்டி, பொம்மைகளின் காலடியில் இழுபட்டு அசைந்தது. பஸ்கள் இரண்டும் மாறி மாறி ஹார்ன் அடித்தன, அவள் காலை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து கொம்பையாவின் குரல் வந்தது.

"மேடம், இங்க சுவரே கெடையாது, தரையிலதான் போடணும். பளபளன்னு இருக்கு. போடட்டா?"

"போடுங்க" என்றாள் வடிவு.